நாமே அழைத்து வந்த நீர்ப்பகை

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்துக் கண்ட தமிழர், வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்றனர். அம்மருதத்தின் உயிர்நாடி பொய்கையும் குளமும் ஏரியுமே. சங்கப் புலவர் பொய்கையைப் பாடுங்கால் வெறும் நீர்ப்பரப்பைப் பாடினாரல்லர். ஆம்பலையும் குவளையையும் தாமரையையும், வாளையையும் வராலையும் கெண்டையையும் ஆரலையும், அவற்றை நாடி வரும் நாரையையும் பெயர் சொல்லிப் பாடினர். அரபு மண்ணில் தோன்றிய அண்ணலாரின் வரலாற்றைக் காப்பியமாக்கிய உமறுப்புலவரும், சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அம்மண்ணையே ஆறும் வயலும் பொலியும் மருத நிலமாகத் தீட்டினார். வளம் என்றவுடன் தமிழ் உள்ளத்தில் எழும் ஓவியம் நீர்நிலையே என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அவ்வோவியத்தின் மீது இற்றைநாளில் ஒரு பச்சைப் போர்வை விழுந்து கிடக்கின்றது. நகரை ஒட்டிய ஏரி எதனையும் சென்று காண்க; நீரைக் காண்பது அரிது. ஊதாப்பூக்கள் நிமிர்ந்து நிற்க, தடித்த இலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கரைக்குக் கரை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையையே காண்போம். அதன் கீழே நம் நாட்டு மீன்கள் இருந்த இடத்தில் வேறு நாட்டு மீன்கள் திரிகின்றன. ஏறத்தாழ 39,000 ஏரிகளைக் கொண்டதெனப் பெருமை பேசும் தமிழகத்தில் இந்நிலை எவ்வாறு நேர்ந்தது? இதற்குப் பொறுப்பாளர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரில் மறையும் பொறுப்பு

ஆகாயத்தாமரையின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. அதன் பூவழகில் மயங்கிய மாந்தர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனைத் தோட்டக் குளங்களுக்கு அணிசெய்யும் செடியாக நாடு விட்டு நாடு கொண்டு சென்றனர். வங்காளத்திற்கும் அது அவ்வாறே வந்து சேர்ந்தது. வந்த சில பத்தாண்டுகளுக்குள் ஆறுகளில் படகு செல்ல இயலவில்லை, நெல்வயல்கள் பாழாயின, சணல் வாணிகம் தடுமாறியது. 1921ஆம் ஆண்டில் அறிவியலறிஞர் சகதீச சந்திர போசு தலைமையில் அரசு ஒரு குழுவினை அமைத்தது. 1936ஆம் ஆண்டில் இச்செடியை ஒழிப்பதற்கென்றே வங்காளத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டில் நிகழ்ந்த தேர்தலில் இதனை ஒழிப்போம் என்பது கட்சிகள் தந்த வாக்குறுதிகளுள் ஒன்றாயிற்று. ஆட்சிப் பொறுப்பேற்ற பஸ்லுல் ஹக் அவர்களின் அமைச்சரவை, மக்களைத் திரட்டி ஒழிப்பு இயக்கம் நடத்திற்று. ஒரு நீர்ச்செடி அரசியல் வாக்குறுதியாகும் அளவுக்கு ஒரு நாட்டின் வாழ்வைப் பற்றிக்கொண்டது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஈண்டு, மொழி பயில்வோர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. வங்காளத்தில் இச்செடியைச் 'செர்மன் பானா' என்று அழைத்தனர். முதல் உலகப் போர்க் காலத்துப் பகை நாட்டின் பெயரை அதற்குச் சூட்டினர். இலங்கையில் சிங்கள மக்கள் அதனையே 'சப்பான் சபரா' என்றனர். கேரளத்தின் காயல்களையும் வயல்களையும் மூடிய மற்றொரு மிதவைச் செடியாகிய சால்வீனியாவிற்கு மலையாளிகள் இட்ட பெயர் 'ஆப்பிரிக்கப் பாயல்'. உண்மையில் அதன் தாயகம் பிரேசில். செர்மனி, சப்பான், ஆப்பிரிக்கா என அயலார் பெயர்கள் அடுக்கடுக்காய் வந்தனவேயன்றி, அவற்றைக் கொண்டு வந்து நீரில் இட்ட கையின் பெயர் எங்கும் வரவில்லை.

தமிழர் நாம் வேறொன்று செய்தோம். அச்செடிக்கு நம் வீட்டுப் பெயரையே இட்டோம். காம்பு வெங்காயம்போல் பருத்திருப்பதால் வெங்காயத்தாமரை என்றோம். பொருநைக் கரையினர் அமலைச்செடி என்றனர். சித்த மருத்துவ நூல்களில் வேறொரு மிதவைச் செடியைக் குறிக்கும் ஆகாயத்தாமரை என்னும் பழம்பெயரை எடுத்து இதற்கு வழங்கினோம். பெயர் பழகியதும் பகை மறந்தது. பிறந்த நாள் முதல் அதனைக் கண்டு வளர்ந்த இளந்தலைமுறை, ஏரி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்கின்றது. இம்மறதியே யாவற்றினும் பெருங்கேடு என்று கருதுகின்றோம்.

போர்வைக்குக் கீழே நிகழ்வது

ஆகாயத்தாமரை விதையாலும் பெருகும். தண்டிலிருந்து கிளைத்தும் பெருகும். ஏற்ற சூழலில் ஓரிரு வாரங்களில் இருமடங்காகும். அதன் விதைகள் சேற்றினுள் பல்லாண்டுகள் உயிரோடு உறங்கிக் கிடக்கும். ஆகவே, இவ்வாண்டு முற்ற அள்ளினும், அடுத்த மழையில் அது மீண்டும் தலை தூக்குவதில் வியப்பில்லை.

நீர்ப்பரப்பை இலை மூடியவுடன் கதிரவன் ஒளி உள்ளே புகுவதில்லை. ஒளியின்றி நீருள் வாழும் பாசிகளும் நுண்செடிகளும் மடிகின்றன. அவை தந்துகொண்டிருந்த உயிர்வளி நின்றுபோகின்றது. காற்றும் நீர்ப்பரப்பும் தம்முள் தொடர்பு இழக்கின்றன. அழுகி விழும் இலையும் வேரும் எஞ்சியுள்ள உயிர்வளியையும் குடித்துவிடுகின்றன. தெளிந்த நீரை விரும்பும் மீன்கள் முதலில் மறைகின்றன. மீனை நாடிய பறவைகள் அடுத்து அகல்கின்றன. கொசுக்கள் மட்டும் பெருகுகின்றன. இலைகளின் வழியே நீர் ஆவியாகிச் செல்வது, திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாவதினும் மிகுதி. கோடைக்கென நாம் தேக்கி வைத்த நீரை இச்செடி நமக்கு முன்பே குடித்து முடிக்கின்றது. வெள்ளக் காலத்திலோ, மிதந்து வரும் செடித்திரள் மதகிலும் கலிங்கிலும் பாலக் கண்களிலும் அடைத்துக்கொள்ள, வடிய வேண்டிய நீர் ஊருக்குள் திரும்புகின்றது.

வலையில் வந்த மாற்றம்

செடியைக் கண்ணால் காண்கின்றோம், மீனைக் காண்பதில்லை. எனவே மீனால் நேர்ந்த மாற்றம் பலரும் அறியாமலே நிகழ்ந்து முடிந்தது.

இன்று சந்தையில் 'ஜிலேபி' என்று விற்கப்படும் திலாப்பியா, ஆப்பிரிக்க நாட்டு மீன். 1952ஆம் ஆண்டில் அது இந்தியாவிற்குள் கொண்டுவரப்பட்டது. நோக்கம் தீயதன்று, ஏழைக்கு எளிய விலையில் புரதம் கிடைக்க வேண்டும் என்பதே. அம்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தாய் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும் இயல்புடையது. ஆதலால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். சில திங்களிலேயே இனப்பெருக்கத்திற்கு அணியமாகும். ஒரு குளத்தில் இட்டால், விரைவில் குளம் நிறையச் சிறுத்த மீன்களாய் நெருங்கி, பிறவற்றின் உணவையும் முட்டையிடும் இடத்தையும் பற்றிக்கொள்ளும். இக்கேட்டினை அறிந்து, 1959ஆம் ஆண்டிலேயே அதனை மேலும் பரப்புதல் கூடாதென்று நாட்டின் மீன்வள ஆய்வுக் குழு தடுத்தது. வந்து ஏழாண்டுகளே ஆகியிருந்தன. எனினும் அதற்குள் மீன் தன் வழியைத் தானே கண்டுகொண்டது. தடை ஏட்டில் நின்றது. மீன் ஏரியில் நின்றது.

அடுத்து வந்தது ஆப்பிரிக்கக் கெளுத்தி. காற்றையும் உட்கொண்டு வாழும் ஆற்றல் உடையதாதலின், வேறு மீன் மடியும் சேற்று நீரிலும் இது கொழுக்கும்; மழைநாளில் ஈரத் தரையில் ஊர்ந்து மற்றொரு குளத்திற்கும் செல்லும். சிறுமீன், தவளை, புழு, பூச்சி, அழுகல் என எதையும் விடாது உண்ணும். இதன் வளர்ப்பினை நடுவண் அரசு 2000ஆம் ஆண்டளவில் தடை செய்தது. அதன் பின்னும் மறைவான குட்டைகளில் கோழிக் கழிவையும் இறைச்சிக் கழிவையும் இரையாக இட்டு வளர்க்கின்றனர் என்ற செய்தி ஆண்டுதோறும் வருகின்றது. வெள்ளம் வந்து குட்டை உடைந்தால் அவையனைத்தும் ஆற்றில்!

மூன்றாவது, வீட்டு வரவேற்பறையிலிருந்து வந்த பகை. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் துடைக்கும் என்று விற்கப்படும் சக்கர் மீன் தென் அமெரிக்காவிற்குரியது. சிறியதாய் இருக்கையில் அழகு. ஓரடிக்கு மேல் வளர்ந்து தொட்டி கொள்ளாதபோது, கொல்ல மனமின்றி அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடுகின்றனர். உடல் முழுதும் கவசம் பூண்ட அதனை நம் நாட்டுப் பறவையும் மீனும் எளிதில் உண்ண இயலாது. கரைகளில் வளை தோண்டி முட்டையிடுவதால் மண்கரை வலுவிழக்கின்றது. வலையில் சிக்கினால் வலை கிழிகின்றது. சந்தையிலோ அதற்கு விலையில்லை. இரக்கத்தினால் செய்த ஒரு செயல், அன்றாடம் வலை வீசிப் பிழைப்பவனின் வலையைக் கிழிக்கின்றது.

முகத்துவாரங்களும் தப்பவில்லை. சென்னையை அடுத்த எண்ணூர்ப் பகுதியில் மீனவர் 'காக்கா ஆழி' என வழங்கும் தென் அமெரிக்கச் சிப்பி, ஆற்றின் அடித்தரையைப் பாய்போல் மூடியுள்ளது. இறால் புதைந்து வாழும் சேறு மறைந்துவிட்டமையால், கையால் தடவி இறால் பிடிக்கும் எளியோர் வாழ்வு தவிக்கின்றது. கப்பல்கள் தம் சமநிலைக்காக ஒரு துறைமுகத்தில் நிரப்பி மற்றொன்றில் இறக்கும் நீரோடு இத்தகைய உயிர்கள் கடல் கடப்பதுண்டு. இதனைத் தடுத்தற்கெனவே ஒரு பன்னாட்டு உடன்படிக்கை 2004இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது.

விக்டோரியா ஏரி கற்பிக்கும் பாடம்

நம் நாட்டு நிகழ்ச்சிகளை மட்டும் சொன்னால், சிறிய செய்தியைப் பெரிதாக்குகின்றோம் என்று சிலர் கருதக்கூடும். ஆகவே உலகறிந்த ஒரு சான்றினையும் காட்டுவோம். கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகள் பகிர்ந்துகொண்டுள்ள விக்டோரியா ஏரி, ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. உலகில் வேறெங்கும் காணப்படாத சிறுமீன் இனங்கள் பல நூறு அங்கு வாழ்ந்தன. சிறுமீனால் என்ன வருவாய் என்று எண்ணிய ஆட்சியாளர், ஆளளவு வளரக்கூடிய நைல் பெர்ச் என்னும் கொன்றுண்ணி மீனை 1950, 1960களில் அவ்வேரியில் விட்டனர். ஏறத்தாழ இருபதாண்டுகள் ஒன்றும் தெரியவில்லை. 1980களில் அது திடீரெனப் பெருகிற்று. பெருகிய சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 200 சிறுமீன் இனங்கள் மறைந்துவிட்டன என்று ஆய்வாளர் கணித்துள்ளனர்.

வருவாய் வந்தது என்பதையும் மறுத்தற்கில்லை. பெர்ச்சின் சதை ஐரோப்பியச் சந்தைகளுக்குச் சென்றது. ஏரிக்கரை ஏழைக்கு எஞ்சியதோ பெரும்பாலும் தலையும் எலும்பும். முன்பு சிறுமீனை வெயிலில் உலர்த்தி உண்டனர்; கொழுப்பு மிகுந்த பெருமீனை நெருப்பில் வாட்டிப் பதப்படுத்த வேண்டியிருந்ததால் கரையோர மரங்கள் வீழ்ந்தன. மரம் போனதும் மண் ஏரிக்குள் சரிந்தது. அதே ஏரியில் 1980களின் இறுதியில் ஆகாயத்தாமரையும் வந்து சேர்ந்தது. ஓர் உயிரை மட்டும் மாற்றிவிட்டோம் என்று எண்ணியவர்கள், ஏரியையும் காட்டையும் அடுப்பையும் சேர்த்தே மாற்றிவிட்டனர்.

அயல் என்பது குற்றமா?

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நம் கடமை. அயலிலிருந்து வந்தது என்பதனாலேயே ஓர் உயிர் தீயதாகிவிடாது. மிளகாயும் நிலக்கடலையும் மரவள்ளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவையின்றி இன்று நம் அடுக்களை இல்லை. அவை வரம்புக்குள் நின்றன. வந்த இடத்திற்கு வளம் சேர்த்தன. ஆகவே பிறப்பிடத்தைக் கேட்டு வெறுப்பது அறிவுடைமையன்று. செயலைக் கண்டு அளப்பதே அறிவு.

மேலும், அயல் என்பதன் எல்லை நாட்டின் எல்லையும் அன்று. நீர்வாழ் உயிருக்கு நாடென்பது அதன் ஆற்றுப் படுகையே. காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே வாழ்ந்த கூன்முதுகு மாசீர் என்னும் பெருமீன் இதற்குச் சான்று. அதன் அறிவியல் பெயரே 2018இல்தான் உறுதி செய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகவும் அறிவிக்கப்பட்டது. மணல் அள்ளுதல், அணைகள், வெடிவைத்துப் பிடித்தல் முதலியவற்றோடு, வேறொரு படுகைக்குரிய நீலத்துடுப்பு மாசீரின் குஞ்சுகளைப் பல்லாண்டுகள் காவிரியில் கொண்டுவந்து விட்டதும் அதன் வீழ்ச்சிக்குக் காரணம் என்று ஆய்வாளர் சுட்டுகின்றனர். அதுவும் இந்திய மீன்தான். மீன்வளத்தைக் காக்கும் நன்னோக்கில் விடப்பட்டதுதான். ஆனால் காவிரிக்கு அது அயல். நன்னோக்கம் மட்டும் நன்மை பயவாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

திலாப்பியாவை உண்பவரையும் விற்பவரையும் நாம் பழிக்கவில்லை. எளியோர் தட்டில் இன்று கிடைக்கும் மீன் அது. பரவிவிட்ட அதனை முற்ற ஒழிப்பதும் இனி இயலாது. ஏரிகளிலிருந்து அதனைப் பிடித்து உண்பது நன்று. இல்லாத நீர்நிலைக்கு அதனைக் கொண்டு செல்வதே தீது.

நோய் எது? அறிகுறி எது?

ஆகாயத்தாமரையை ஒழிக்கும் முயற்சிகள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. ஆண்டுதோறும் இயந்திரங்கள் இறக்கப்படுகின்றன, தொண்டர்கள் இறங்குகின்றனர், நாளிதழ்களில் படம் வெளியாகின்றது. அள்ளிய செடியில் நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. நீரைச் சுமந்து கரையில் கொட்டுகின்றோம். அடுத்த மழையில் அது மீண்டும் நீரில் இறங்குகின்றது. இவ்வாறு ஏன் நிகழ்கின்றது?

விடை ஏரிக்குள் இல்லை. ஏரிக்கு வரும் வாய்க்காலில் உள்ளது. நகரின் கழிவுநீரும், வயலில் மிகுதியாக இட்ட உரத்தின் எச்சமும், வண்ணான்துறை முதல் வீட்டுக் குளியலறை வரை வழிந்தோடும் சோப்பு நீரும் ஏரியில் கலக்கின்றன. அவற்றிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்துமே ஆகாயத்தாமரைக்கு அமுது. அச்செடியை நாம் பகை என்கின்றோம். ஆனால் நாள்தோறும் மூவேளையும் அதற்கு விருந்திடுகின்றோம். செடி அறிகுறியே, கழிவுநீரே நோய். நோயை விட்டு அறிகுறியை மட்டும் அள்ளும் மருத்துவன் வாழ்நாள் முழுதும் அள்ளிக்கொண்டே இருப்பான். மீனுக்கும் இது பொருந்தும். உயிர்வளி குன்றிய நீரில் நம் நாட்டு மீன் மடிய, ஆப்பிரிக்கக் கெளுத்தி கொழுக்கின்றது. நீரைக் கெடுத்ததனால் நம் மீன்களை வெளியேற்றியவர்கள் நாம். வெற்றிடத்தை நிரப்பியதே வந்த மீன்.

அறிவியல் தந்த மற்றொரு வழியும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. ஆப்பிரிக்கப் பாயலை அதன் தாயகத்தில் கட்டுக்குள் வைத்திருந்தது எள்ளளவேயான ஒரு கூன்வண்டு. ஆத்திரேலிய ஆய்வாளர் அதனைப் பிரேசிலில் கண்டெடுத்தனர்; அச்செடியையன்றி வேறு பயிரைத் தின்னாதென்று நன்கு ஆராய்ந்த பின்னர், 1980இல் மூண்டாரா என்னும் ஏரியில் விட்டனர். ஏரியை மூடியிருந்த பல்லாயிரம் டன் செடி ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஏறக்குறைய முற்றும் அழிந்தது. 1980களில் அவ்வண்டு கேரளத்திலும் விடப்பட்டு, குட்டநாட்டு உழவர்க்குப் பெரும் விடுதலை அளித்தது. ஆகாயத்தாமரைக்கென வேறு கூன்வண்டுகளும் அக்காலத்திலேயே இந்தியாவிற்குள் கொண்டுவரப்பட்டன. சில இடங்களில் பயன் விளைந்தது. ஆயினும் கழிவுநீர் இடையறாது பாயும் ஏரிகளில், வண்டு தின்பதினும் விரைவாகச் செடி வளர்ந்தது. இயற்கை தந்த படைவீரனும் நாம் இடும் விருந்தின் முன் தோற்றுப்போகின்றான்.

சட்டம் உண்டு, முந்துதல் இல்லை

சட்டங்களுக்குக் குறைவில்லை. இலங்கை அரசு ஆகாயத்தாமரைக்கு எதிராக 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது. வங்காளம் 1936இல் செய்தது. 1992இல் உருவான உயிரியற் பன்மய உடன்படிக்கை, அயல் இனங்கள் புகாமல் தடுத்தலை உறுப்பு நாடுகளின் கடமையாக்கிற்று. 2022இல் திருத்தப்பட்ட நம் நாட்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய இனங்களின் இறக்குமதியையும் வாணிகத்தையும் ஒழுங்குபடுத்த நடுவண் அரசுக்கு அதிகாரம் தந்தது. அதே ஆண்டில் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள், 2030க்குள் இத்தகைய இனங்கள் புகுந்து நிலைபெறும் வேகத்தைப் பாதியாகக் குறைப்பதென உறுதி பூண்டன.

2023இல் வெளிவந்த பன்னாட்டு அறிஞர் குழுவின் அறிக்கை, மாந்தரால் புதிய இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட இனங்கள் 37,000க்கு மேல் என்றும், அவற்றுள் 3,500க்கு மேற்பட்டவை கேடு விளைப்பவை என்றும் கணக்கிட்டது. உலகில் பதிவாகியுள்ள உயிரின அழிவுகளில் நூற்றுக்கு 60இல் இவற்றுக்குப் பங்குண்டு என்றும் அது கூறிற்று. இக்கணக்கிலும் நம் கருத்தைக் கவர்வது ஒன்று. வந்தவற்றுள் பத்தில் ஒன்று அளவே பகையாகின்றது. ஆனால் அது எது என்பதை வருமுன் எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. எனவே ஐயத்திற்குரியதை உள்ளே விடாதிருத்தலே அறிவு. நம் சட்டங்களோ பெரும்பாலும் வந்தபின் எழுந்தவை. திலாப்பியா 1952இல் வந்தது. தடை 1959இல் வந்தது. நீருக்குள் சென்ற ஒன்றைத் தாளில் எழுதித் திரும்ப அழைக்க இயலுமோ?

செய்யத்தக்கன

குறை கூறி அமைதல் கட்டுரையாளர்க்கு எளிது. ஆகவே, நம் கை எட்டும் அளவில் செய்யத்தக்க சிலவற்றை முன்வைக்கின்றோம்.

முதலாவது, ஏரி மீட்பு என்னும் பெயரில் செடி அள்ளுவதற்கு ஒதுக்கும் பொருளோடு, அவ்வேரியில் கலக்கும் கழிவுநீரைத் தூய்மை செய்வதற்கும் பொருள் ஒதுக்குதல் வேண்டும். இரண்டும் ஒரே திட்டமாக அமையாவிடில் அத்திட்டத்தை முழுமையானதென ஏற்றல் ஆகாது. அள்ளிய செடியைக் கரையிலேயே விடாமல் எருவாக்குதலும் வேண்டும். வங்கதேச உழவர் ஆகாயத்தாமரையை அடுக்கி மிதக்கும் பாத்திகள் அமைத்துக் காய்கறி விளைவிக்கின்றனர். அம்முறையை உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2015இல் உழவு மரபுச் செல்வமாக ஏற்றுச் சிறப்பித்தது. ஆயினும் பயன் உண்டென்பதற்காகப் பகையை வளர்த்தல் ஆகாது.

இரண்டாவது, கறிக்கடையும் கோழிக்கடையும் நடத்தும் நம் சமுதாயப் பெரியோர்க்கு ஒரு பணிவான வேண்டுகோள். கடையில் எஞ்சும் கழிவு எங்கே செல்கின்றது என்பதை ஒருமுறை கேட்டறிக. அது மறைவான குட்டையில் ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு இரையாகின்றதெனில், அவ்வாணிகத்தில் நமக்கும் பங்குண்டு. சில காசுகளுக்காக ஓர் ஆற்றின் மீன்வளத்தை விற்றல் ஆகாது. ஊர் ஜமாஅத்துகள் இதனைத் தம் கூட்டங்களில் எடுத்துரைத்தால் அரசின் அறிவிப்பினும் விரைவாகப் பயன் விளையும்.

மூன்றாவது, பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் தடாகமாயினும், கோயில் தெப்பக்குளமாயினும், ஊர்ப் பொதுக்குளமாயினும், அழகுக்கெனவோ கொசுவுக்கெனவோ அயல்மீனை விடுதல் ஆகாது. வீட்டுத் தொட்டி மீனை வளர்க்க இயலாதபோது விற்ற கடையிலேயே திருப்பித் தருக. ஆற்றிலும் குளத்திலும் விடாதீர். இளைஞர்கள் இவ்வொன்றை உறுதியாகக் கொண்டாலே ஒரு வாயில் அடைபடும்.

நான்காவது, இது தமிழ்த்துறைக்கே உரிய பணி. நம் மாணவர் பலர் ஏரிக்கரை ஊர்களிலிருந்து வருபவர். அயிரை, உளுவை, ஆரல், குரவை, கெளிறு, தேளி, சேல் என இலக்கியத்திலும் வழக்கிலும் வாழும் மீன் பெயர்களையும், நீர்ப்பூக்களின் பெயர்களையும் தத்தம் ஊர் முதியோரிடமும் மீனவரிடமும் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவ்வுயிர் இன்றும் அக்குளத்தில் உண்டா, எப்போது கடைசியாகக் கண்டனர் என்பதையும் குறித்தல் வேண்டும். விலங்கியல், தாவரவியல் துறையினர் துணைநின்றால், பட்டமளிப்புக்கான ஏடாக மட்டுமன்றி ஊருக்குப் பயன்படும் ஆவணமாகவும் அது அமையும். எந்தக் குளத்தில் எது மறைந்தது என்று அறிந்தாலன்றி எதனை மீட்பது என்று அறிய இயலாது.

முடிவாக

சங்கப் பாடலை வகுப்பில் நடத்துங்கால் 'ஆரல் என்பது ஒருவகை மீன்', 'குவளை என்பது ஒருவகை நீர்ப்பூ' என்று உரை சொல்லி நகர்கின்றோம். உரையாசிரியர் அவ்வாறு எழுதியபோது, கற்போர் குளத்திற்குச் சென்று அதனைக் கண்டுகொள்வர் என்னும் நம்பிக்கை அவர்க்கு இருந்தது. அந்நம்பிக்கையை நாம் பொய்யாக்கிவிடலாகாது. பாட்டு இருந்தும் அது சுட்டும் பொருள் இல்லாது போகுமாயின், அகராதியைக் காப்பாற்றி என்ன பயன்?

ஆகாயத்தாமரையும் ஜிலேபியும் கெளுத்தியும் சக்கர் மீனும் தாமாகக் கடல் கடந்து வந்தவை அல்ல. அழகென்றும் உணவென்றும் இரக்கமென்றும் பெயரிட்டு நாமே அழைத்து வந்தோம். கழிவுநீரால் நாமே வளர்த்தோம். அழைத்தவர் நாமாதலின், வாயிலை அடைக்கவும் விருந்தை நிறுத்தவும் வல்லவரும் நாமே. இக்கல்லூரியைக் கடந்து ஊர் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் குளத்தின் கரையில் ஒருமுறை நின்று, அதில் விழும் வாய்க்கால் எங்கிருந்து வருகின்றது என்று பின்தொடர்ந்து சென்று பார்ப்பாராக. மீட்பின் முதற்பணி அங்கேயே தொடங்கும்.